முப்பதா, தொண்ணூறா?

போன மாதம் தங்கை மகன் ஒரு ஆயில் டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். கூடத்திலேயே மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினான். கந்தகம் கலந்த, மூக்கின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு சாப்பிடும்போதும் கூடவே இருக்கும் கியர் ஆயில் வாசனை. தங்கை ஜன்னலைத் திறந்துவிட்டாள். எனக்கோ அது தண்டையார்பேட்டை. தகரக் கூரை போட்ட ஷெட், எண்ணூர் பக்கம் போகும் லாரிகளின் இரைச்சல், கரியேறிய காக்கி டவுசர், காதில் பீடி செருகிய மேஸ்திரி.

பையன் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருக்கிறான். 1961 முதல் பத்து வருஷம் போல நம் சென்னையில் செய்து விற்ற கார். சம்பளத்தில் பாதியை அதற்குத்தான் கொட்டுகிறான். "மாமா, இதுக்கு மேல விலையுள்ள ஆயில் கடையிலயே இல்ல. ஃபுல் சிந்தெடிக். ஜி.எல்.5" என்றான் பெருமையாக.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். நல்ல ஆயில்தான். "இதைப் பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு வச்சிக்கோ. கியர் பாக்ஸ்ல ஊத்தாதே" என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்டான். அவனுக்கு அன்று ஐந்து நிமிஷத்தில் சொன்னதன் முழுக் கதை ஐம்பது வருஷப் பழசு.

அப்பா எண்ணூர் அசோக் லேலண்டில் வேலை பார்த்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர்போன அந்தத் தொழிற்சாலை காரில் தொடங்கியது என்றால் எண்ணூர்க்காரர்களிலேயே பலர் இன்று நம்புவதில்லை. 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகன் பெயர். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி செய்த ஏ40 காரை உதிரிகளாகக் கப்பலில் வரவழைத்து எண்ணூரில் பூட்டி விற்றார்கள். பிறகு லேலண்டோடு ஒப்பந்தமாகி காமெட் லாரி வந்தது. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் எண்ணூரை விட்டுப் போய்விட்டது. அப்பா சேர்ந்தது ஆஸ்டினின் கடைசிக் காலத்தில். உதிரிகள் வந்த மரப்பெட்டிகளின் பலகையில்தான் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரி. கதவின் உள்பக்கத்தில் பர்மிங்ஹாம் என்ற எழுத்து பாதி தெரியும். அந்த அலமாரியில்தான் அம்மா அரிசியும் பருப்பும் வைத்திருந்தாள்.

பள்ளி விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா என்னை மேஸ்திரியின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். சம்பளம் கிடையாது. மத்தியானம் சாப்பாடும் நாலு மணிக்கு டீயும் பொறையும் உண்டு. முதல் வேலை, கழற்றிய நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய வேட்டித் துணியில் துடைத்து வரிசையாக வைப்பது. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

அங்கேதான் டாக்டரின் ஆஸ்டின் வந்தது. ராயபுரத்தில் ஏழை எளியவர்களிடம் அதிகம் வாங்காத டாக்டர். காசிமேட்டு மீனவர் வீடுகளுக்கு ராத்திரியில் கூப்பிட்டாலும் அந்தக் காரில் போய் நிற்பார். ஏ40 டெவன், கருப்பு, 1200 சிசி என்ஜின். கதவுத் தூணிலிருந்து கைபோல எழும்பி மஞ்சள் விளக்கோடு திருப்பத்தைக் காட்டும் டிராஃபிகேட்டர் இருந்த கார். எண்ணூரில் பூட்டிய வண்டி என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். அப்பாவின் கை பட்ட வண்டியாக இருக்கலாமே.

வண்டியின் குறை இதுதான். காலையில் எடுத்ததும் இரண்டாம் கியர் விழாது. அழுத்திப் போட்டால் கறகறவென்று பல் கடிக்கும். அரை மணி ஓடிச் சூடேறினால் கொஞ்சம் இறங்கிவரும். டாக்டர் ஏற்கெனவே இரண்டு ஷெட்டுகளில் காட்டிவிட்டார். ஒரு இடத்தில் கிளட்ச் தட்டை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் கியர் பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். அந்தக் காருக்குக் கியர் பாக்ஸ் எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டையில் தேடி இன்னொரு கிழட்டுப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும்.

மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. வண்டியை டாக்டரோடு மணிக்கூண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கோணியை விரித்து அடியில் படுத்தார். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். கியர் பாக்ஸின் அடியில் இருந்த டிரெயின் போல்ட்டைத் திருப்பித் திருப்பி இளக்கி, கடைசிச் சுற்றில் விரலால் பிடித்துக்கொண்டே எடுத்தார். நான் தட்டை நீட்டினேன். ஆயில் கொட்டவே இல்லை. திரண்டு, யோசித்து, ஒரே கயிறாக இறங்கியது. பச்சை கலந்த கருப்பு. மேஸ்திரி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், விரலை வெயிலில் நீட்டினார்.

"இன்னாடா கண்ணு தெரியுது?"

விரல் முழுக்கத் தங்கப்பொடி மினுமினுத்தது.

"பித்தளை. சிங்க்ரோ வளையம் தேயுது" என்றவர் வெளியே நின்ற டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யாருப்பா இதுல நூத்தி நாப்பது ஊத்துனது?"

டிரைவர் நல்ல மனிதர். அதற்கு முன் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். கியர் பாக்ஸில் கொஞ்சம் ஊளைச் சத்தம் கேட்டிருக்கிறது. லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் கெட்டி ஆயில். ஊற்றியதும் சத்தம் அடங்கியிருக்கிறது, ஒழுக்கும் நின்றிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த ஆயில் கடையில் கேட்டாலும் அந்தக் காலத்தில் தொண்ணூறும் நூற்று நாற்பதும்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கியர் ஆயில் என்றால் அங்கே லாரி ஆயில்தான்.

டாக்டர் வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஆஸ்டினின் கையேட்டை எடுத்து வந்தார். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. ஆயில் அட்டவணை பிழைத்திருந்தது. அதில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில். முப்பதாம் நம்பர் என்ஜின் ஆயில். டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலா மேஸ்திரி?" என்று இரண்டு முறை கேட்டார்.

மேஸ்திரி அவருக்குச் சொன்ன விளக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. "ஓடுற பஸ்ல ஏர்றவன் என்னா பண்றான் சார்? கூடவே நாலு எட்டு ஓடி, பஸ் வேகத்துக்கு வந்தப்பறம் கம்பியப் புடிக்கிறான். அந்தப் பித்தளை வளையம் பல்லுச் சக்கரத்த அப்படிக் கூட ஓட வைக்குது. வளையம் சக்கரத்தக் கவ்வணும். நடுவுல இருக்குற ஆயில் வழிவிட்டாத்தான் கவ்வும். இந்தக் கெட்டி ஆயில் வழிவிடாது."

கழித்துவிட்டு மெல்லிய ஆயிலை ஊற்றி, பின் சக்கரங்களைத் தூக்கி வைத்துக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் கழித்தார். பிறகு முப்பது ஊற்றினார். மறுநாள் காலை டாக்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் கியர் வெண்ணெயாய் விழுந்தது. பழைய ஊளைச் சத்தம் திரும்பியிருந்தது. "அது கிழவன் பாட்டு சார், பாடட்டும். பல்லுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் மேஸ்திரி. மேஸ்திரி வாங்கிய கூலி ஆயில் விலையைவிடக் குறைவு.

அன்று அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. பானட்டைத் திறந்து, உள்பக்கத் தகரத்தைத் துடைத்து, வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்: என்ஜின் 30, கியர் 30, ஆக்ஸில் 90. அதன் கீழே மாதமும் வருஷமும். அவர் ஷெட்டுக்கு வந்த எல்லா வண்டியிலும் இப்படி எழுதுவார். படிக்காத டிரைவர்களுக்காகக் கியருக்கு ஒரு பல்லுச் சக்கரமும் என்ஜினுக்கு ஒரு சொட்டும் படமாகப் போடுவார்.

எல்லா வண்டிக்கும் கையேடு இருந்ததில்லை. இருந்தாலும் அதில் இருந்த பெயர்கள் கடையில் இல்லாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. எஸ்ஸோவை 1974இல் அரசு எடுத்து ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கியது. பர்மா ஷெல்லை 1976இல் எடுத்தது, அது பாரத் பெட்ரோலியம் ஆனது. கால்டெக்ஸும் போயிற்று. இந்தியன் ஆயில் 1972இல் சர்வோ என்ற பெயரைக் கொண்டுவந்திருந்தது. கையேட்டில் ஷெல் எக்ஸ்-100, மொபிலாயில் என்று போட்டிருப்பான். கடையில் அந்தப் பெயரே கிடையாது. பெயரை நம்பாமல் நம்பரை நம்பக் கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அந்த நம்பரிலும் ஒரு பொறி இருக்கிறது. என்ஜின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். கியர் ஆயிலில் தொண்ணூறு என்பது என்ஜின் ஆயிலில் நாற்பது ஐம்பதுக்குச் சமமான கெட்டி. முப்பதைவிடத் தொண்ணூறு மூன்று மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நூற்று நாற்பது உண்மையிலேயே முப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத கெட்டி.

ஆயில் அப்போது பெரும்பாலும் லூஸில்தான். பீப்பாயில் கைப்பம்பு செருகியிருக்கும். நாம் கொண்டுபோகும் டப்பாவில் லிட்டர் அளந்து ஊற்றுவார்கள். கழித்த கருப்பு ஆயிலைக் காய்ச்சி வடிகட்டிப் புது ஆயில் என்று விற்பவர்களும் இருந்தார்கள். அதனால் மேஸ்திரி புது ஆயிலையும் சும்மா நம்ப மாட்டார். செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுவார். நடுவில் கருப்புப் பொட்டு நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொரு சோதனைதான் என் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். ஷெட்டின் மாடத்தில் நாலைந்து ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடை ஆயில். அதில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு பித்தளை வாஷர், நூலில் கட்டித் தொங்கும். வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்திருப்பார். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சில பாட்டில்களில் வாஷர் பொன்னிறம் மாறாமல் இருக்கும். சிலவற்றில் முதலில் செம்பட்டையாகி, பிறகு மயில்கழுத்து நிறம் ஓடி, கடைசியில் கருத்துவிடும். கருத்த பாட்டிலின் ஆயில், பித்தளை இருக்கும் பெட்டிக்குள் போகக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு.

பின்னாளில் வடசென்னையிலேயே ஒரு ஆயில் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969 முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஈரான் கச்சா எண்ணெயைக் காய்ச்சி, லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயையும் அங்கே எடுத்தார்கள். எண்ணெயும் ஆயிலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட காலம். சேர்ந்த முதல் வாரம், கூடத்தில் மூத்தவர் ஒருவர் மெருகேற்றிய செப்புப் பட்டையைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கியர் ஆயிலை ஊற்றி, 121 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தார். எடுத்துத் துடைத்து, நிறங்கள் அச்சிட்ட ஒரு பலகையோடு ஒப்பிட்டார். 1 என்றால் லேசாக மங்கியது. 4 என்றால் கருத்து அரித்தது. நடுவில் இருப்பவை அதே மயில்கழுத்து நிறங்கள். உலகம் முழுக்க இதே சோதனை என்றார். எனக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கண்ணில் நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "மூணு மணி நேரத்துலயே தெரிஞ்சிடுதா? நல்ல வசதிடா" என்றார். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

பித்தளை கருப்பதன் காரணமும் அந்தச் சோதனைக் கூடத்தில்தான் புரிந்தது. பின் ஆக்ஸிலில், அதாவது டிஃபரன்ஷியலில், இருக்கும் ஹைப்பாய்டு பல்லுகள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துபோகும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சரக்கைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு காப்புத் தோலை உண்டாக்கும். பையன் முகர்ந்து காட்டிய வாசனை அதுதான். இரும்புக்குக் காப்பான அதே கந்தகம் செம்பு கலந்த பித்தளையைக் கண்டால் அரிக்கிறது. ஜி.எல். என்பது கியர் ஆயிலின் தர வகை. ஜி.எல்.4 ஆயிலில் இந்தச் சரக்கு ஜி.எல்.5இல் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இன்று வரும் சில ஜி.எல்.5 ஆயில்களில் பித்தளையைத் தின்னாத வகைச் சரக்கைச் சேர்க்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் அவை பழைய சிங்க்ரோ வளையம் கவ்வ முடியாத அளவுக்கு வழுக்கலாம்.

திருவொற்றியூர் புல்லட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதுகளின் நடுவிலிருந்து எங்கள் ஊரில் செய்த வண்டி. பழைய புல்லட் கியர் பாக்ஸில் கிரீசையும் ஆயிலையும் கலந்து போடுவார்கள். வெறும் ஆயில் ஊற்றினால் ஒழுகும். தொழிற்சாலை ஆட்களே ஷிஃப்ட் முடிந்து ஷெட்டுக்கு வந்து, மேஸ்திரியோடு கலவைக் கணக்கைப் பற்றி டீ ஆறும்வரை வாதம் செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அந்த வாதம் எனக்குத் தெரிந்து முடியவே இல்லை.

ஒரு முறை பெரிய சோதனை வந்தது. ராயபுரத்துக் கப்பல் ஏஜெண்ட் ஒருவர், ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் ஒரு செவர்லே எடுத்துவிட்டார். தூதரகத்துக்காரர்கள் ஓட்டிக் கழித்த வெளிநாட்டுக் கார்களை அப்போது அந்த நிறுவனம்தான் ஏலம் விட்டது. வண்டியில் கிளட்ச் மிதியே இல்லை, ஆட்டோமேட்டிக். தெருப்பிள்ளைகள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கியர் பாக்ஸுக்குள் இருப்பது சிவப்பு ஆயில். என்ஜின் ஒழுக்கிலிருந்து பிரித்தறியவே அதற்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். தரையில் சிவப்புச் சொட்டு தினமும் விழுந்தது, ஊற்ற ஆயில் இல்லை. கடைக்காரர்கள் கையை விரித்தார்கள்.

வழி துறைமுகத்தில் கிடைத்தது. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் அதே மாதிரிப் பெட்டி உண்டு என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவற்றுக்கு ஆயில் கொடுக்கும் கடையை விசாரித்துப் பிடித்தார். அங்கே இரண்டு வகைச் சிவப்பு ஆயில் இருந்தது. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் முறைப்படி செய்த டெக்ஸ்ரான், மற்றது ஃபோர்டு வகை. நிறம் ஒன்றே, குணம் வேறு. ஃபோர்டு வகையில் கிளட்ச் தட்டுகள் சட்டென்று கவ்வும். டெக்ஸ்ரானில் மெதுவாக வழுக்கிப் பிடிக்கும். செவர்லே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி. மலிவாகத் தருகிறேன் என்று கடைக்காரர் நீட்டிய ஃபோர்டு டப்பாவை மேஸ்திரி தொடவில்லை. ஊற்றியபின் என்ஜினைச் சூடாக ஓடவிட்டபடியே அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தார். அந்தப் பெட்டிக்கு அப்படித்தான் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பும்.

அந்த மெதுவான வழுக்கலுக்காக ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். மனசு கலங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயை நிறுத்தியது. அவசரமாக வந்த மாற்று ஆயில் குளிர்விக்கும் குழாய்களின் பித்தளைப் பற்றவைப்பை அரித்தது. பிறகு அதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். எங்கே போனாலும் பித்தளை வந்து நிற்கும்.

மேஸ்திரி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஷெட் இருந்த இடத்தில் இன்று மொபைல் கடையும் பிரியாணிக் கடையும். ஆஸ்டினை டாக்டரின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் நன்றாக வைத்திருக்கிறார் என்று கேள்வி. சென்னையில் பழைய கார்க்காரர்களுக்கு மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் என்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் ஊர்வலத்தில் வரும் வண்டிகளைப் பார்த்தால் வெளிப் பளபளப்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பல வண்டிகளில் பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்தவர்கள், கியர் பாக்ஸ் ஆயிலை மட்டும் கடைக்காரர் சொன்னபடி ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பெயிண்ட் போனால் மறுபடி அடிக்கலாம். ஹெரால்டுக்கும் ஆஸ்டினுக்கும் சிங்க்ரோ வளையம் எங்கே போய் வாங்குவது?

தங்கை மகன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அவனுடைய ஹெரால்டுக்கு ஆஸ்டின் கணக்கு பொருந்தாது. அதன் கியர் பாக்ஸ் கேட்பது எண்பதாம் நம்பர் கியர் ஆயில், ஜி.எல்.4. அதைத் தேடி வாங்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. விலை அவன் முதலில் வாங்கியதில் பாதிகூட இல்லை. முதல் டப்பா டிஃபரன்ஷியலுக்குப் போயிற்று.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கடைக்குப் போகுமுன் வண்டியின் கையேட்டைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அதே வண்டி வைத்திருப்பவரிடம் நகல் எடுங்கள். டப்பாவின் முன்பக்க அலங்காரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பித்தளை வளையம் உள்ள பெட்டிக்கு, கையேடு கியர் ஆயில் கேட்டால் ஜி.எல்.4, என்ஜின் ஆயில் கேட்டால் என்ஜின் ஆயிலேதான். ஊற்றி முடித்ததும் பானட்டின் உள்பக்கத்தில் என்ன ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்று பெயிண்டால் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை ஓட்டப் போகிறவருக்கு அது வேண்டும்.